மீட்டரில் 12 வோல்ட் வருது, பல்பு ஏன் எரியல?

மோட்டார்ஹோம் வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடிய இடத்தில் ‘கீழ் அறை விளக்கு எரியல’ என்று ஒருவர் வாயைத் திறந்தால் போதும், வைத்தியம் வந்து குவியும். ஃபியூஸ் போயிருக்கும். பேட்டரி வீக். எல்.இ.டி. மாட்டுங்க, சரியாயிடும். எதுவும் முழுத் தப்பில்லை. குருட்டாம்போக்கில் சில நேரம் பலிக்கவும் செய்யும். ஆனால் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் வைத்திருப்பவரே தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ‘மீட்டர் வெச்சுப் பார்த்தேன், 12 வோல்ட் சுளையா வருது. பல்பும் புதுசு. ஆனா எரியல.’ இப்படிச் சொல்பவர் பொய் சொல்லவில்லை. மீட்டரும் பொய் சொல்லவில்லை. மீட்டர் எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது என்பதில்தான் குழப்பம். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்த ஒரு குழப்பத்தைப் பற்றித்தான்.

மோட்டார்ஹோமை நேரில் பார்க்காதவர்களுக்கு: படப்பிடிப்புத் தளங்களில் நடிகர்களுக்காக நிற்கும் கேரவனை நினைத்துக்கொள்ளுங்கள். வட அமெரிக்காவில் அதுபோன்ற வண்டியைக் குடும்பத்தோடு தாங்களே ஓட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிறார்கள். அங்கே விற்கும் வண்டிகளில் பெரும்பகுதி இண்டியானா மாநிலத்தின் எல்கார்ட் வட்டாரத்தில் தயாராகிறது. பெரிய வண்டிகளில் தரைக்குக் கீழே, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில், வெளிப்பக்கம் கதவு வைத்த சாமான் அறைகள் வரிசையாக இருக்கும். மடக்கு நாற்காலி, தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், டூல் பாக்ஸ் எல்லாம் அங்கேதான். பேஸ்மென்ட் கம்பார்ட்மென்ட் என்பார்கள். இங்கே கீழ் அறை என்றே சொல்கிறேன். கதவைத் திறந்தால் எரியும்படி ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன விளக்கு இருக்கும்.

வண்டியிலேயே அதிகம் அடிபடும் விளக்கு அதுதான். சக்கரம் தெறிக்கும் தண்ணீர், தூசி, குளிர்காலத்தில் பனி உருகச் சாலையில் கொட்டும் உப்பு எல்லாம் அங்கே புகும்.

ஒரே வண்டியில் இரண்டு மின்சாரம்

மோட்டார்ஹோமுக்குள் இரண்டு வகை மின்சாரம் ஓடுகிறது. ஒன்று, அமெரிக்க வீடுகளில் வருவது போன்ற 120 வோல்ட் ஏ.சி. கேம்ப் போடும் இடத்தில் கேபிளைச் செருகினாலோ ஜெனரேட்டரைப் போட்டாலோ இது வரும். மைக்ரோவேவ், ஏர்கண்டிஷனர் இதில் ஓடும். இன்னொன்று பேட்டரியிலிருந்து வரும் 12 வோல்ட் டி.சி. விளக்குகள், தண்ணீர் பம்பு, ஹீட்டரின் விசிறி எல்லாம் இதில். கன்வெர்ட்டர் என்ற பெட்டி 120-ஐ வாங்கி, 12 வோல்ட் டி.சி. ஆக்கி, பேட்டரியையும் சார்ஜ் செய்யும்.

பேட்டரியிலும் இரண்டு அணி. என்ஜினை ஸ்டார்ட் செய்வது சேசிஸ் பேட்டரி. வீட்டுப் பகுதிக்கு உழைப்பது ஹவுஸ் பேட்டரி. கீழ் அறை விளக்குகள் பெரும்பாலான வண்டிகளில் ஹவுஸ் பேட்டரியைச் சேர்ந்தவை. சில வண்டிகளில் சேசிஸ் பேட்டரியிலிருந்தும் எடுத்திருப்பார்கள், அதனால் ‘எல்லா வண்டியிலும் இப்படித்தான்’ என்று யாராவது அடித்துச் சொன்னால் உடனே நம்பிவிட வேண்டாம்.

ஏறும் கதவுக்குப் பக்கத்தில் ஒரு சுவிட்ச் இருக்கும். ‘பேட்டரி டிஸ்கனெக்ட்’ என்றோ, ‘யூஸ் / ஸ்டோர்’ என்றோ எழுதியிருக்கும். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தும்போது ஹவுஸ் பேட்டரியைத் துண்டித்து வைப்பதற்கு அது. விற்பனையாளர் வண்டியைக் காட்டும்போது உள்ளே ஏறியதும் முதலில் தட்டுவது என்பதால் அமெரிக்கர்கள் இதை சேல்ஸ்மேன் சுவிட்ச் என்று கிண்டலாகச் சொல்வார்கள். எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் போய்விட்டது என்றால், டூல் பாக்ஸைத் திறப்பதற்கு முன் இந்தச் சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். ஏறும்போது முழங்கை பட்டே மாறிவிடும்.

ஒயர் நிறம் பற்றி ஒரு எச்சரிக்கை. அமெரிக்க வீட்டு ஒயரிங்கில் கருப்புதான் உயிருள்ள ஒயர், வெள்ளை நியூட்ரல். கார்களிலோ கருப்பு நெகட்டிவ். மோட்டார்ஹோமில் இரண்டு வழக்கமும் ஒரே சுவருக்குள் கலந்து கிடக்கும். பல வண்டிகளில் 12 வோல்ட்டின் நெகட்டிவே வெள்ளை ஒயர்தான். நிறத்தை நம்பிக் கை வைக்காதீர்கள். வேலை தொடங்குமுன் வெளிக் கேபிளைக் கழற்றி, ஜெனரேட்டரை நிறுத்துங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணையுங்கள், அது பேட்டரியிலிருந்தே 120 வோல்ட்டை உண்டாக்கும். 12 வோல்ட் ஷாக் அடிக்காது, ஆனால் பேட்டரியின் இரண்டு முனைக்கும் நடுவில் ஒரு ஸ்பேனர் விழுந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். கை மோதிரம், உலோகப் பட்டை வைத்த கடிகாரம் இரண்டையும் கழற்றி வைத்துவிடுவது நல்லது.

உப்படைத்த குழாய்

போர் தண்ணீர் ஓடும் பழைய வீடு ஒன்று. மொட்டை மாடித் தொட்டி நிறைய தண்ணீர் இருக்கிறது. குளியலறைக் குழாயைத் திறந்தால் நூல் மாதிரி ஒழுகுகிறது. காரணம் எல்லோருக்கும் தெரியும்: ஜி.ஐ. பைப்புக்குள் உப்பு படிந்து துவாரம் பென்சில் அளவுக்குச் சுருங்கிவிட்டது. இப்போது குழாயை மூடிவிட்டு, அதற்குச் சற்று முன்னால் பைப்பில் ஓர் அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தால் என்ன காட்டும்? தொட்டியின் முழு அழுத்தத்தையும் காட்டும். தண்ணீர் நிற்கிறது, ஓடவில்லை. நிற்கிற தண்ணீருக்கு அடைப்பு ஒரு பொருட்டே இல்லை. திறந்து ஓடவிட்ட பிறகு அளந்தால்தான் அழுத்தம் வழியிலேயே தொலைந்து போவது தெரியும்.

மின்சாரத்தில் வோல்ட் என்பது அந்த அழுத்தம். ஆம்பியர் என்பது ஓட்டத்தின் அளவு. ஓம் என்பது வழியில் இருக்கும் தடை. களிம்பேறிய ஒரு கனெக்ஷன், துருப்பிடித்த ஒரு போல்ட், பாதி அறுந்த ஒரு ஒயர் ஆகியவைதான் நம் பைப்பில் படிந்த உப்பு. ஓட்டத்தைத் தடையால் பெருக்கினால், அந்த இடத்தில் எத்தனை வோல்ட் தொலைகிறது என்று கிடைத்துவிடும். இதற்கு வோல்டேஜ் டிராப் என்று பெயர். கட்டுரை முழுவதற்கும் இந்த ஒரு கணக்கு போதும்.

இனி, பல்பைக் கழற்றிவிட்டு வெறும் ஹோல்டரில் மீட்டரை வைப்பவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். மூடிய குழாயில் அழுத்தம் பார்க்கிறார். சாதாரண டிஜிட்டல் மீட்டரின் உள் தடை சுமார் ஒரு கோடி ஓம். அதன் வழியாக ஓடும் மின்சாரம் இல்லை என்றே சொல்லிவிடலாம். வழியில் ஒரு கனெக்ஷன் 1,000 ஓம் அளவுக்குக் கெட்டுப்போயிருந்தாலும் மீட்டர் கொஞ்சமும் கூசாமல் 12.6 என்று காட்டும். அதே இடத்தில் பல்பை மாட்டினால் அதற்குப் பத்தில் ஒரு வோல்ட்கூடத் தேறாது. ‘12 வோல்ட் சுளையா வருது’ என்பதன் அர்த்தம் அவ்வளவுதான்: பேட்டரிக்கும் ஹோல்டருக்கும் நடுவில் மெல்லியதாகவாவது ஒரு வழி இருக்கிறது. அந்த வழி பல்பு கேட்கிற மின்சாரத்தைத் தாங்குமா என்பது வேறு கேள்வி. அதை மீட்டரிடம் நாம் இன்னும் கேட்கவே இல்லை.

பல்போ பம்போ, மின்சாரத்தை வாங்கி வேலை செய்யும் எதையும் லோடு என்பார்கள். இதுவரை சொன்னதைச் சுருக்கினால், லோடு ஓடாதபோது எடுத்த அளவு பாதிப் பதில்தான். விளக்கைப் போட்டுவிட்டு அளக்க வேண்டும்.

12 வோல்ட்டுக்கு மட்டும் ஏன் இந்தப் பாடு?

வீட்டு ஒயரிங்கில் இவ்வளவு பார்ப்பதில்லையே என்று தோன்றும். கணக்குப் போட்டால் காரணம் தெரிந்துவிடும். பழைய மோட்டார்ஹோம்களின் கீழ் அறைகளில் அடிக்கடி காணும் பல்பு 1141 என்று எண் பொறித்தது. 12.8 வோல்ட்டில் 1.44 ஆம்பியர் வாங்கும். சுமார் 18 வாட். எரியும்போது அதன் தடை ஏறத்தாழ 9 ஓம். வழியில் எங்கோ ஒரு கனெக்ஷனில் 2 ஓம் தடை சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 11 ஓம், பேட்டரி 12.6 வோல்ட் என்றால் ஓடுவது 1.15 ஆம்பியர், அந்தக் கெட்ட கனெக்ஷனில் மட்டும் 2.3 வோல்ட் போய்விடும். பல்புக்கு மிஞ்சுவது 10.3. இழை பல்பில் வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலே வெளிச்சம் மளமளவென்று சரியும், 10.3 வோல்ட்டில் வெளிச்சம் பாதி அளவுக்கு வந்துவிடும். மஞ்சளாக, அழுக்காக எரியும்.

அதே 18 வாட்டை 120 வோல்ட்டில் எடுத்தால் ஓட்டம் 0.15 ஆம்பியர்தான். அதே 2 ஓமில் தொலைவது 0.3 வோல்ட். 120-ல் 0.3 போனது யாருக்குத் தெரியப்போகிறது? வோல்டேஜ் குறையக் குறைய ஒரே வேலைக்கு ஆம்பியர் கூடுகிறது. ஆம்பியர் கூடக் கூட கனெக்ஷனில் உள்ள சின்னக் குறையும் பெரிதாகிறது. அமெரிக்கக் கார்கள் 1950-களின் நடுவில் 6 வோல்ட்டை விட்டு 12-க்கு மாறியதிலும், 2023-ல் வந்த டெஸ்லாவின் சைபர்டிரக் 48 வோல்ட்டுக்குப் போனதிலும் இந்தக் கணக்கு இருக்கிறது.

தொலைந்த 2.3 வோல்ட் மாயமாகப் போவதில்லை, அந்த இடத்தில் சூடாகிறது. சுமார் இரண்டரை வாட். சின்னக் கனெக்ஷன் ஒன்று விரலில் சுருக்கென்று சுடுவதற்கு அது போதும். மீட்டர் கையில் இல்லாதபோது, விளக்கைக் கொஞ்ச நேரம் எரியவிட்டு கனெக்ஷன்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பது பழைய ஆட்கள் செய்யும் வேலை. மட்டமான முறையில்லை.

எல்.இ.டி. மாட்டினால் சரியாகிவிடும் என்பதன் ரகசியமும் இங்கேதான். எல்.இ.டி. பல்பு 2 வாட் வாங்கினால் ஓட்டம் 0.17 ஆம்பியர். அதே கெட்ட கனெக்ஷனில் 0.3 வோல்ட் மட்டும் போகும், விளக்கு பளிச்சென்று எரியும். கனெக்ஷன் அப்படியே கெட்டுத்தான் இருக்கிறது. கேட்பது குறைந்ததால் குறை மறைந்துவிட்டது. விளக்குக்கு மட்டுமான ஒயர் என்றால் போகட்டும் என்று விடலாம். அதே நெகட்டிவ் போல்ட்டில்தான் தண்ணீர் பம்பின் ஒயரும் வந்து சேர்கிறது என்றால் விட முடியாது. பம்பு பல ஆம்பியர் கேட்கும், 2 ஓம் தடையோடு அது ஒழுங்காக ஓடாது.

மறந்துபோகும் பாதி வழி

பல்பு எரிய மின்சாரம் போனால் போதாது, திரும்பியும் வர வேண்டும். பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஃபியூஸ், சுவிட்ச், பல்பு, பிறகு நெகட்டிவுக்கு: முழு வட்டம். இதுதான் சர்க்யூட். ‘பவர் வருதா’ என்று எல்லோரும் பார்ப்பது முதல் பாதியை. கீழ் அறைகளில் அதிகம் கெடுவது இரண்டாம் பாதி.

காரணம், திரும்பும் வழிக்குப் பல வண்டிகளில் முழு நீள ஒயர் கிடையாது. விளக்கிலிருந்து ஒரு முழம் ஒயர் இழுத்து, பக்கத்தில் உள்ள இரும்புச் சட்டத்தில் திருகிவிடுவார்கள். அங்கிருந்து வண்டியின் இரும்பு உடலான சேசிஸ்தான் பேட்டரி வரைக்கும் ஒயர். கிரவுண்டு என்று வண்டிக்காரர்கள் சொல்வது இதைத்தான். வீட்டில் பாதுகாப்புக்காக மண்ணில் இறக்கும் எர்த்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அந்தத் திருகு இருக்கும் இடமோ சக்கரத் தண்ணீர் படும் இடம். பெயின்டுக்கு மேலேயே திருகியிருப்பார்கள், நாலு குளிர்காலத்தில் துருப்பிடித்து அதுவே தடையாகிவிடும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சில வண்டிகளில் கதவுச் சுவிட்சையே நெகட்டிவ் பக்கம் வைத்திருப்பார்கள். பாசிட்டிவ் எப்போதும் பல்பு வரை வந்து நிற்கும். கதவைத் திறந்தால் சுவிட்ச் நெகட்டிவைச் சேர்க்கும். இது தெரியாமல் மீட்டரின் கருப்பு முனையைச் சேசிஸில் வைத்துக்கொண்டு ஹோல்டரைத் தொட்டால் ஒரு பக்கம் 12, மறு பக்கமும் 12. ‘ரெண்டு பக்கமும் பாசிட்டிவ் வருது, ஒயரிங்கே தப்பு’ என்று சீலிங்கைப் பிரித்தவர்கள் இருக்கிறார்கள். தப்பு ஒன்றுமில்லை. திரும்பும் வழி அறுந்திருப்பதால், பல்பின் இழை வழியாக அதே 12 வோல்ட் மறுபக்கமும் எட்டிப் பார்க்கிறது. நெகட்டிவ் பக்கம்தான் கோளாறு என்று இதைவிடத் தெளிவாக மீட்டரால் சொல்ல முடியாது.

தேடுவதற்கு முன் கொஞ்சம் யோசனை

எத்தனை விளக்கு எரியவில்லை என்பதே பாதிப் பதில். ஒரே ஒரு அறையில் மட்டும் இல்லையென்றால் அந்த அறையின் பல்பு, ஹோல்டர், கதவுச் சுவிட்ச், கிரவுண்டுத் திருகு. இவற்றைத் தாண்டிப் போகத் தேவையில்லை. வண்டியின் ஒரு பக்கம் முழுக்க இல்லையென்றால், அந்தப் பக்கத்துக்குப் பிரியும் கனெக்ஷன். எல்லாமே இல்லையென்றால் ஃபியூஸ், டிஸ்கனெக்ட் சுவிட்ச், பேட்டரி.

எப்போது எரியவில்லை என்பதும் பேசும். வெளிக் கேபிள் செருகியிருந்தால் பளிச், கழற்றினால் மங்கல் என்றால் விளக்கை விட்டுவிட்டுப் பேட்டரியைப் பாருங்கள். கன்வெர்ட்டர் வழக்கமாக 13.6 வோல்ட் அளவில் கொடுக்கும். முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும் லெட்-ஆசிட் பேட்டரி 12.6 அல்லது 12.7 காட்டும், 12.1 என்றால் பாதி தீர்ந்துவிட்டது, 11.8-க்குக் கீழே என்றால் காலி. லித்தியம் பேட்டரிக்கு இந்த எண்கள் பொருந்தாது, அது பெரும்பாலான நேரம் 13-க்கு மேலேயே நின்று கடைசியில் சட்டென்று விழும். மழைக்குப் பிறகு மட்டும் தகராறு என்றால் களிம்பு. குண்டும் குழியுமான சாலையில் மினுக்கினால் லூஸ் கனெக்ஷன்.

ஃபியூஸைப் பிடுங்கிக் கண்ணால் பார்ப்பது போதாது, மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது. பிளேடு ஃபியூஸின் தலையில் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் இருக்கும். பிடுங்காமலேயே இரண்டையும் மீட்டரால் தொடலாம். இரண்டிலும் 12 என்றால் நல்ல ஃபியூஸ். ஒன்றில் மட்டும் என்றால் போன ஃபியூஸ். இரண்டிலும் இல்லை என்றால் ஃபியூஸுக்கே வரவில்லை.

மீட்டரை எங்கே வைப்பது?

பல்பு மாட்டியிருக்கட்டும், கதவு திறந்திருக்கட்டும், சுவிட்ச் போட்டபடி இருக்கட்டும். மீட்டரின் கருப்பு முனையை நீளமான ஒரு தனி ஒயரால் பேட்டரியின் நெகட்டிவ் முனையோடு நேரடியாகச் சேர்த்துவிடுங்கள். பக்கத்தில் தெரியும் ஏதோ ஒரு இரும்பில் வைத்தால் அந்த இரும்பே கெட்ட கிரவுண்டாக இருக்கலாம்.

முதலில் பேட்டரியிலேயே ஓர் அளவு: 12.6 என்று வைத்துக்கொள்வோம். அடுத்து சிவப்பு முனை, பல்பு ஹோல்டரின் பாசிட்டிவில். 12.4 வந்தால் வரும் வழியில் 0.2 மட்டும் போயிருக்கிறது, அந்தப் பாதி நலம். இப்போது சிவப்பு முனையை ஹோல்டரின் நெகட்டிவ் பக்கம் நகர்த்துங்கள். நியாயமாக இங்கே பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். 2.1 என்று வந்தால்? பல்பைத் தாண்டி வந்த மின்சாரம் பேட்டரிக்குத் திரும்ப முடியாமல் 2.1 வோல்ட்டை வழியில் செலவழிக்கிறது. பல்புக்குக் கிடைப்பது 12.4-ல் 2.1 போக 10.3. மங்கலுக்குக் காரணம் திரும்பும் வழி என்று முடிவாகிவிட்டது.

அடுத்து, அந்த வழியில் ஒவ்வொரு நிறுத்தமாகச் சிவப்பு முனையை நகர்த்துங்கள். ஒயரின் முனையில் அழுத்திய உலோக வளையமான லக்கில் 2.1. லக்கைப் பிடித்திருக்கும் திருகின் தலையில் 2.0. ஒரு விரல் தள்ளி, பெயின்டைச் சுரண்டிய இரும்பில் 0.1. எண் எங்கே தடாலென்று இறங்குகிறதோ, அங்கேதான் கோளாறு. இந்தக் கணக்கில் அது திருகுக்கும் இரும்புக்கும் நடுவே உள்ள துரு. எதையும் அறுக்கவில்லை, பேனல் கழற்றவில்லை, புதுப் பல்பு வாங்கவில்லை. பாசிட்டிவ் பக்கம் கோளாறு என்றாலும் இதே நடைதான், திசை மட்டும் வேறு.

எவ்வளவு டிராப் பரவாயில்லை? கீழ் அறை விளக்குக்குப் போக வர மொத்தம் அரை வோல்ட்டுக்குள் இருந்தால் நான் தொடமாட்டேன். தனி ஒரு கனெக்ஷனில் 0.2-க்கு மேல் போனால் அதைப் பிரித்துப் பார்ப்பேன்.

பல்பே பழுதென்று சந்தேகமாக இருந்து, அதைக் கழற்றிவிட்டுச் சோதிக்க வேண்டுமானால் மீட்டரைவிட டெஸ்ட் லாம்ப் நம்பகமானது. ஒரு முனை கிளிப், மறு முனை ஊசி, நடுவில் ஒரு சின்ன இழை பல்பு. அது கொஞ்சமாவது மின்சாரம் குடிக்கும். 1,000 ஓம் கனெக்ஷனில் மீட்டர் 12.6 காட்டும் இடத்தில் டெஸ்ட் லாம்ப் எரியவே எரியாது. எல்.இ.டி. வைத்த டெஸ்ட் லாம்ப் இதற்கு உதவாது. அது துளி மின்சாரத்திலும் மினுக்கி ஏமாற்றும்.

இந்தப் பகுதியின் சாரம்: பேட்டரி நெகட்டிவிலிருந்து அள; லோடு ஓடும்போது அள; பல்பின் இரண்டு பக்கமும் அள; எண் குதிக்கும் இடத்தில் நில்.

பிரித்தால் என்ன தெரியும்?

பச்சை. செம்பு ஒயர் நனைந்து நனைந்து களிம்பேறி, பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இரண்டு விரற்கடை தூரம் பச்சையாகவோ கறுத்தோ போயிருக்கும். முனையைச் சுரண்டிவிட்டுத் திரும்பத் திருகினால் ஒரு சீசன் தாங்கும். பளபளக்கும் செம்பு தெரியும் வரை வெட்டித் தள்ளிவிட்டுப் புது லக் போட்டு அழுத்துவதே முறை. உள்ளே பசை பூசிய ஹீட் ஷ்ரிங்க் கனெக்டர் கிடைக்கிறது, சூடு காட்டினால் சுருங்கிப் பசை வழிந்து தண்ணீரை அடைத்துவிடும். கீழ் அறைக்கு அதைத்தான் சொல்வேன்.

பழைய ஒயரை அறுக்காமல் மேலே கவ்வும் பிளாஸ்டிக் கிளிப்புகளைத் தொழிற்சாலையிலேயே போட்டிருப்பார்கள், முதல் சந்தேகம் அதன்மேல் இருக்கட்டும். உள்ளே உள்ள தகடு ஒயரின் தோலைக் கிழித்து ஒட்டிக்கொண்டிருக்கும், அந்தக் கிழிசல் வழியாகவே ஈரம் போகும். கிரவுண்டு இடத்தில் பெயின்டையும் துருவையும் சுரண்டி, பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கி, அதன்மேல் கிரீஸ் பூசுங்கள். இறுக்கிய பிறகுதான் கிரீஸ்.

ஹோல்டருக்குள் பல்பின் அடியைத் தொடும் சின்னத் தகடு சப்பிப்போயிருந்தால், மின்சாரத்தை நிறுத்திவிட்டு மெல்ல நெம்பினால் போதும். எல்.இ.டி. மாட்டி எரியாவிட்டால் திருப்பி மாட்டிப் பாருங்கள். பலவற்றுக்குத் திசை உண்டு.

ஃபியூஸ் போய்க்கொண்டே இருந்தால்

இதுவரை பார்த்தது வழி அடைபட்ட கதை. இது வழி உடைந்து ஒழுகும் கதை. பாசிட்டிவ் ஒயர் எங்கோ தோல் உரிந்து சேசிஸைத் தொடுகிறது. பல்பைச் சுற்றிக்கொண்டு மின்சாரம் குறுக்கே பாய்கிறது. இதுதான் ஷார்ட். கதவுக் கீல் பக்கம், தகட்டில் ஓட்டை போட்டு ஒயர் நுழையும் இடம், சாமான் உரசும் மூலை இவைதான் வழக்கமான இடங்கள்.

பெரிய ஃபியூஸ் போடுவதை மட்டும் செய்யாதீர்கள். ஃபியூஸ் பல்பைக் காப்பதற்கு வைத்ததில்லை, ஒயரைக் காப்பதற்கு வைத்தது. சிவப்பு நிற 10 ஆம்பியருக்குப் பதில் மஞ்சள் நிற 20-ஐச் செருகினால், மெல்லிய ஒயர் சுவருக்குள் சூடேறும். அடுத்து எரிவது மரமும் ஃபோமும்.

ஒவ்வொரு முறையும் புது ஃபியூஸைப் பலி கொடுக்காமல் தேட ஒரு வழி உண்டு. ஃபியூஸ் இருந்த இடத்தில் 1156 எண் பல்பு ஒன்றை இரண்டு ஒயரால் இணைத்துவிடுங்கள். ஷார்ட் இருக்கும் வரை அது முழு வெளிச்சத்தில் எரியும். சுமார் 2 ஆம்பியருக்கு மேல் விடாது, அதனால் எதுவும் கருகாது. அந்த சர்க்யூட்டில் உள்ள மற்ற லோடுகளை அணைத்துவிட்டு ஒயர்களை ஒவ்வொரு இடமாக அசைத்துக்கொண்டே போங்கள். எங்கே அசைக்கும்போது அந்தப் பல்பு அணைகிறதோ, அங்கே பாருங்கள்.

அணையாத விளக்கு

எரியாத விளக்கைவிட இது மோசம், ஏனென்றால் யாருக்கும் தெரியாது. கதவை மூடியபின் உள்ளே விளக்கு எரிகிறதா என்று எப்படிப் பார்ப்பது? ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் அது ஒரு ஆம்பியர்-அவர். 1.44 ஆம்பியர் பல்பு ஒரு நாள் முழுக்க எரிந்தால் சுமார் 35 ஆம்பியர்-அவர் போய்விடும். 100 ஆம்பியர்-அவர் லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பார்கள். ஒன்றரை நாளில் அந்த எல்லை தாண்டிவிடும். ‘பேட்டரி நிக்கவே மாட்டேங்குது’ என்று புதுப் பேட்டரி வாங்குமுன் இதைப் பார்த்துவிடுங்கள்.

போனில் வீடியோவைப் போட்டு, கீழ் அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தி, அரை நிமிஷம் கழித்து எடுங்கள். படம் இருட்டாக இருந்தால் சரி.

எரிகிறது என்றால் குற்றவாளி கதவுச் சுவிட்ச். கதவு அழுத்தும் பின் வகையானால், பின் துருவில் சிக்கி உள்ளேயே நின்றால் விளக்கு எரியாது. வெளியே துருத்தி நின்றால் அணையாது. காந்த வகையில் கதவில் ஒரு காந்தமும் சட்டத்தில் ஒரு சுவிட்சும் இருக்கும். கதவு மூடி, காந்தம் நெருங்கினால் விளக்கு அணையும். கீல் தேய்ந்து கதவு அரை அங்குலம் தொங்கினாலே இரண்டும் நேருக்கு நேர் வராது. ஒரு தனிக் காந்தத்தைச் சுவிட்சின் அருகே கொண்டுபோங்கள். விளக்கு அணைந்தால் சுவிட்ச் நல்லது, கதவைத்தான் தூக்கி நிறுத்த வேண்டும். அல்லது காந்தத்தைக் கழற்றி இடம் மாற்றித் திருக வேண்டும். பழைய வண்டிகளில் மேல்நோக்கித் தூக்கும் கதவுகளில் பாதரச சுவிட்ச் இருக்கலாம். சாய்வைப் பொறுத்து, கண்ணாடிக் குப்பிக்குள் பாதரசத் துளி உருண்டு இரண்டு முனைகளைச் சேர்க்கும். அதை உடைக்காமல் கழற்றி, அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிட்டு வேறு வகை மாட்டுவது நல்லது.

சீசன் முடிந்து வண்டியை நிறுத்தும் அவசரத்தில் இதற்கெல்லாம் நேரமில்லை என்றால், அந்த ஒரு பல்பை மட்டும் கழற்றி, ஹோல்டரின் பக்கத்திலேயே டேப் போட்டு ஒட்டி வையுங்கள். அடுத்த கோடையில் எங்கே வைத்தோம் என்று தேட வேண்டியிருக்காது.